மோடம் அவன் பங்கு, பெட்டி என் பங்கு

தென்காசி,
11-8-2025, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய அத்தான் ஆவுடைநாயகம் அவர்களுக்கு, மைத்துனன் விஜயசங்கர் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் மீனா அக்காவும் திருச்சியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் இப்போது மாடிப்படி ஏறுகிறதா? இங்கே நானும் உமா மகேஸ்வரியும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். குற்றாலத்தில் சீசன் அமோகம். ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் விழுகிறதாம். ஊரெல்லாம் தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது. சாரல் என் ஜெராக்ஸ் கடைக்குள்ளும் அடித்து, பேப்பரெல்லாம் நமுத்து, மிஷின் ஒரு ஆதார் கார்டைக்கூட முழுசாகக் கக்குவதில்லை. எனக்கு இந்த வருஷம் அருவிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட மனசில்லை.

போனில் சொல்லலாமே, ஏன் கடிதாசி என்று கேட்பீர்கள். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போடாமல் பேசியதில்லை. அக்கா அடுப்படியில் நின்று கேட்பாள். அக்கா கேட்டால் பத்தாவது நிமிஷம் அது தம்பி குமரனின் மனைவி சத்யபிரியாவுக்குப் போகும். அங்கிருந்து குமரனுக்கு. இந்த விஷயம் அப்படிப் போகக்கூடாது. எனவே இதை அக்கா தூங்கும்போது படிக்கவும்.

விஷயம் இதுதான். என் தம்பி முத்துகுமரன் வருகிற முப்பதாம் தேதி நியூசிலாந்துக்குப் போகிறான். வேலை அங்கேயே, வீடு அங்கேயே, ஒரேயடியாக. தங்களுக்கு இது தெரிந்திருக்கும். எனக்குச் சொன்னது யார் தெரியுமா? கேஸ் சிலிண்டர் போடுகிறவர். "செப்டம்பர் மாசத்துலேந்து அந்த வீட்டுக்கு சிலிண்டர் வேண்டாமாம்லா அண்ணாச்சி, வெளிநாடாம்லா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாது என்பது என் முகத்தில் தெரிந்ததும், ஓ.டி.பி. வாங்காமலே போய்விட்டார். கூடப் பிறந்தவன் நாட்டை விட்டுப் போகிற செய்தி எனக்கு ஏஜென்சி மூலமாக வருகிறது. இந்த நிலைமையில்தான் இருக்கிறோம்.

காரணம் தாங்கள் அறிந்தது. ஆனாலும் ஒருமுறை என் கையாலேயே எழுதிப் பார்க்கிறேன். 2021 மே மாசம், கொரோனா நேரம். அம்மாவுக்குக் காய்ச்சல். குமரன் பெங்களூரிலிருந்து தினம் போன் பண்ணினான். "சாதா காய்ச்சல்தான்லே, நீ கெளம்பி வராத, இ-பாஸ் கிடைக்காது, வழியில மறிப்பான்" என்று நான்தான் சொன்னேன். அவன் வந்து அவனுக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயம். ஆஸ்பத்திரியில் இடமும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா போய்விட்டாள். ஊரடங்கில் உடம்பை வைத்திருக்கக் கூடாது என்றார்கள், சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. குமரன் ஐந்தாம் நாள் எப்படியோ வந்து சேர்ந்தபோது சாம்பலைக்கூடக் கரைத்தாயிற்று. அவன் வாசலில் நின்று என்னைப் பார்த்தான். நான் இ-பாஸ் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் உள்ளே போனான். அதோடு சரி அத்தான். நாலு வருஷம் மூணு மாசம், ஒரு வார்த்தை கிடையாது.

அதன் பிறகு அவன் இங்கேயே தங்கி வீட்டிலிருந்து வேலை பார்த்ததும், பாகம் கேட்டதும், தாங்கள் வந்து பிரித்துக் கொடுத்ததும், பட்டாசாலைக் கூடத்தின் நடுவில் சுவர் எழும்பியதும் தங்களுக்குத் தெரியும். தங்கள் தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் ஆட்டுரலில் கல்லை எனக்கும் குழவியை அவனுக்கும் கொடுத்த தீர்ப்பை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அதையாவது உமா துளசி வைக்கிற தொட்டியாக்கிவிட்டாள். தாங்கள் சிங்கப்பூரிலிருந்து 2000 தீபாவளிக்கு எங்கள் இருவருக்கும் பொதுவாக வாங்கி வந்த அந்த வெள்ளை கேம் பெட்டி இருக்கிறதே, அதுதான் இப்போது என் தலைவலி. டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி; போன் லைன் மூலமாக வெளியூர்க்காரர்களோடு ஆட அதன் பக்கவாட்டில் ஒரு மோடம். பாகம் பிரிக்கையில் இரண்டு பேருக்கும் வேண்டும் என்றோம். தாங்கள் வெற்றிலையை மென்றுகொண்டே, "பெட்டி மூத்தவனுக்கு, மோடம் இளையவனுக்கு" என்று பிய்த்துக் கொடுத்தீர்கள். பத்திரத்தில் அது பதினேழாவது அயிட்டம். மோடம் இல்லாத பெட்டி ஊமை, பெட்டி இல்லாத மோடம் வெறும் பிளாஸ்டிக். இரண்டும் நாலு வருஷமாக ஒன்பதங்குலச் சுவருக்கு இரண்டு பக்கமும் சும்மா கிடந்தன.

பேச்சு இல்லாத வீட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறோம் என்று தாங்கள் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுத் தொட்டி நிறைந்து வழிந்தால் குமரன் தன் நாயிடம் சொல்லுவான்: "டைகர், சில பேரு வீட்டுத் தண்ணி ரோட்டுல போவுது, மோட்டார அமத்தணும்னு தோணுதா பாரு." நான் மோட்டாரை அணைத்துவிட்டு, எங்கள் பக்கம் நாய் இல்லாததால், துளசியிடம் நன்றி சொல்லுவேன். கரண்ட் பில் வந்தால் அதே வழி, கல்யாணப் பத்திரிகை வந்தால் அதே வழி. முதலில் வாய் திறப்பவன் தோற்றவன், இது நம் பக்கத்துச் சட்டம். யார் எழுதினார்கள் என்று தெரியாது, மீறியவனை நான் பார்த்ததில்லை. அந்த நாய்க்கு இப்போது நம் குடும்ப வரலாறு முழுக்கத் தெரியும்.

இப்படி இருக்கையில், சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். கீ... கிர்ர்... டொய்ங் டொய்ங்... கர்ர். "கொழுந்தனாரு வீட்டு மிக்சி செத்துப்போச்சு" என்றாள் உமா. எனக்கு மயிர் கூச்செறிந்தது. மோடம் அத்தான்! எங்கேயோ ஒரு பழைய பெட்டியை வாங்கி, தன் பங்கு மோடத்தை அதில் மாட்டி, ஆன்லைனில் ஆடுகிறான். கம்பெனிக்காரன் அந்த ஆன்லைன் கடையைப் பூட்டி வருஷக்கணக்காகிறது. ஆனால் உலகமெங்கும் இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியமாக இருக்கிற கோட்டிக்காரர்கள் சேர்ந்து தாங்களே சர்வர் நடத்துகிறார்கள். ஒரு இணையப் பக்கத்தில் யார் யார் ஆடுகிறார்கள் என்று பெயர் போடுகிறது. பார்த்தேன். பிரேசில், ஜப்பான், ஜெர்மனிக்காரப் பெயர்களுக்கு நடுவில் ஒரு பெயர்: முத்துத்தென்காசி. அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

சிலிண்டர்காரர் செய்தி சொன்ன அன்று என் மண்டையில் இந்த யோசனை உதித்தது. பேசத்தானே கூடாது? விளையாடக் கூடாது என்று சட்டம் இல்லையே. இதை உமாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நேரா வாசல்ல போயி 'ஏலே குமரா'ன்னு கூப்பிட்டா நாக்கு அழுகிருமாக்கும்?"

"கூப்பிட்டு அவன் திரும்பலேன்னா?"

"திரும்பலேன்னா வீட்டுக்கு வாங்க. பத்தடிதான."

பத்தடிதான். ஆனால் அவன் திரும்பாமல் போய்விட்டால் அந்தப் பத்தடியை நான் எந்த முகத்தோடு நடந்து வருவது? அதற்குப் பயந்துதான் அத்தான், உலகத்தைச் சுற்றி வர முடிவு செய்தேன்.

முதலில் மோடம் வேண்டும். இணையத்தில் ஆர்டர் போட்டேன், வைஃபை பெட்டி வந்தது. திருப்பி அனுப்பிவிட்டு இன்னொன்று போட்டேன், அதைவிடப் பெரிய வைஃபை பெட்டி வந்தது. பழைய இரும்புக் கடைகளில் கேட்டேன். ஒருவர் மோட்டார் காயிலை எடுத்து நீட்டினார். கடைசியில் என் கடைக்கு பாஸ்போர்ட் பாரம் எழுத வந்த ஒருவர், வடகரையில் துல்கர்னைன் பாய் என்று ஒருவர் இருக்கிறார், சவூதி தம்மாமில் இருபத்தேழு வருஷம் டிவி, கேம் பெட்டி ரிப்பேர் பார்த்துவிட்டு வந்தவர் என்றார். போனேன். வீடு நிறைய அட்டைப் பெட்டிகள், தென்னந்தோப்பைப் பார்த்த ஜன்னலைக்கூட அடைத்து அடுக்கியிருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டு ஒவ்வொரு அட்டைப் பெட்டியாக இறக்கினார். பிறகு ஒரு பெட்டிக்குள் கையை விட்டு, என் பெட்டிக்குப் பொருந்துகிற மோடத்தை எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இரவலாத்தான் தருவேன். ஆனா நானும் கூட இருந்து பாக்கணும். இருவது வருசமா இதக் கேட்டு ஒருத்தன் வரமாட்டானான்னு இருந்தேன்" என்றார். அவர் மனைவி சைதூன் பீவி டீ கொண்டு வந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வொ பொட்டி பொட்டியா கொண்டாந்தாவ, ஒண்ணாவது ஓடுனதாச் சரித்திரமில்ல. ஒங்களப் பாத்தா நல்ல குடும்பத்துப் பிள்ளையாத் தெரியுது, வேற ஜோலியில்லையா?" என்றார். இருந்தது. கடையைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

பெட்டியை என் வீட்டில் வைத்து மாட்டினோம். புது டிவியில் படம் வரவில்லை. இது ரொம்பப் பழசு, எனக்குப் பிடிக்காது என்பது போல நீலமாக நின்றது. முடிவெட்டுகிற கடையில் மூலையில் போட்டிருந்த பழைய குண்டு டிவியைக் கெஞ்சி வாங்கி, இரண்டு பேரும் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். படம் வந்தது. வந்ததும் பெட்டி தேதி கேட்டது. உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துவிட்டதால் அதற்கு ஒவ்வொரு முறையும் 1998 நவம்பர் என்றுதான் நினைப்பாம். நான் சரியான தேதியைப் போடுவேன். அணைத்துப் போட்டால் மறுபடியும் 1998. துல்கர்னைன் பாய், "விடுங்க, அது அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கட்டும், ஆட்டத்துக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அந்தத் தேதியில் அம்மா அடுப்படியில் நின்று எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போயிருப்பாள். நான் கொஞ்ச நேரம் தேதியை மாற்றாமலே வைத்திருந்தேன்.

அடுத்தது போன் லைன். வீட்டு லேண்ட்லைனை என்றோ வெட்டியாயிற்று. இன்டர்நெட் பெட்டியின் பின்னால் போன் செருகுகிற ஓட்டை ஒன்று இருந்தது, அதில் மோடத்தையும் பழைய லேண்ட்லைன் போனையும் சேர்த்துச் செருகினோம். 2001-ல் நானும் குமரனும் போட்டுவைத்த இன்டர்நெட் கம்பெனி நம்பர் பெட்டிக்குள் அப்படியே இருந்தது. அமுக்கினேன். டயல் ஆயிற்று! பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் ஒரு பெண்மணி, "வணக்கம், எண்ணெய்க் குளியலா, மூலிகை மசாஜா?" என்றார். அந்த நம்பர் இப்போது குற்றாலத்தில் ஒரு மசாஜ் நிலையத்துடையது. எங்கள் மோடம் அவர் காதில் கீ... கிர்ர்... என்று கத்தியது. நாங்கள் விடாமல் மூன்று தடவை முயன்றோம். மூன்றாம் தடவை அந்த அம்மாளே திருப்பிக் கூப்பிட்டார்: "ஏங்க, ஒங்க வீட்டுல பெரியவருக்கு மூச்சு இழுக்குதேங்க, இப்படியா போனைக் குடுத்து விட்டுட்டு நிப்பீங்க? பூண்டைப் பால்ல வேக வச்சுக் குடுங்க, கேக்கலேன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இங்கன எண்ணெய் மட்டுந்தான்." நான் நன்றி சொல்லி வைத்தேன். மறுநாள் பெரியவருக்கு எப்படி இருக்கிறது என்று மறுபடி விசாரித்தார். தேவலை என்று சொன்னேன்.

பிறகுதான் துல்கர்னைன் பாய் தம்மாம் வித்தையை எடுத்தார். சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் பலகை. அதில் இன்னொரு மோடத்தைச் செருகி, இரண்டு மோடத்தையும் ஒரே ஒயரில் நேருக்கு நேர் கட்டினார். "ஒம்ம பொட்டி ரோசக்காரப் பொட்டி. டயல் டோன் காதுல விழாட்டா நம்பரச் சுத்தாது. இப்ப எக்சேஞ்சே கிடையாது. அதனால இந்தப் பலகை எக்சேஞ்சு மாதிரி நடிக்கும், டயல் டோன அதுவே பாடும். பொட்டி நெசம்னு நம்பி டயல் பண்ணும். பலகை ஒடனே எடுத்து, நேரா இன்டர்நெட்ல கொண்டு சேத்துரும்" என்றார். சிங்கப்பூர் பெட்டியாகையால் ஒயரில் கொஞ்சம் கரண்டும் ஓட வேண்டுமாம், இல்லையென்றால் நம்பாது. அதற்கு இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரியை இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவைத்தார். இல்லாத எக்சேஞ்ச், பாடுகிற டோன், ஒட்டுப்போட்ட கரண்ட். இத்தனை பொய் சொல்லித்தான் அதை ஒரு உண்மையான இடத்துக்குக் கூட்டிப் போக முடிந்தது. பதினோரு நாள் ஆயிற்று. எறும்பு ஏறிய நாள் ஒன்று, சாரலில் கரண்ட் போன நாள் நாலு, பாய் வீட்டில் நிச்சயதார்த்தம் என்று வராத நாள் ஒன்று. ஜூலை இருபதாம் தேதி, ஞாயிறு, ஆறு மணி ஐந்து நிமிஷம்: கீ... கிர்ர்... டொய்ங். பச்சை எழுத்தில் "இணைந்தது" என்று வந்தது. நாங்கள் இருவரும் எழுந்து கத்திய கத்தலில் உமா பயந்து கேஸை அணைத்தாள்.

அந்த ஆட்டம் வேற்றுக் கிரகத்தில் நாலு பேர் சேர்ந்து பூதங்களை வேட்டையாடுகிற ஆட்டம். நான் "அருவி5" என்று பொய்ப்பெயர் போட்டுக்கொண்டேன். முத்துத்தென்காசி ஒரு கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான். நீலச் சட்டை போட்ட பொம்மை. பக்கத்தில் போய் நின்றேன். அத்தான், நாலு வருஷத்துக்குப் பிறகு என் தம்பிக்குப் பக்கத்தில் நின்றேன்! நான் அமுக்குகிற ஒவ்வொன்றும் என் வீட்டிலிருந்து அமெரிக்காவோ எங்கேயோ போய், அங்கிருந்து திரும்பி, என் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேருகிறது. இதில் பேச்சுக்கு ரெடிமேட் வாக்கியங்கள் இருக்கின்றன, பட்டியலிலிருந்து அமுக்கினால் போதும்: "வாருங்கள்", "உதவி", "நன்றி", "ஓடுங்கள்". சட்டப்படி இது பேச்சு ஆகாது. நான் "உதவி" அமுக்கினேன். அவன் "வாருங்கள்" அமுக்கினான். போனேன். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை செத்துப்போனேன். ஒவ்வொரு முறையும் அவன் திரும்பி வந்து, தன் மருந்தைக் கொடுத்து என்னை எழுப்பினான். நான் யாரென்று தெரியாமலே எழுப்பினான். அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் நான் ராஜாவாக இருந்தேன். துல்கர்னைன் பாய் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒம்ம தம்பி தங்கமான பிள்ளைவே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றாவது ஞாயிறு, ஆகஸ்ட் மூன்று, எனக்குப் பேராசை வந்துவிட்டது. பட்டியலில் "மன்னித்துக்கொள்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. ஆனால் அது, கூட ஆடுபவன் மேல் தெரியாமல் குண்டு விழுந்தால் சொல்வதற்கு. அது போதாது என்று பட்டது. எழுத்துக் கூட்டி அடிக்கலாம் என்று பாய் சொன்னார். என்னிடம் கீபோர்டு கிடையாது. ஜாய்ஸ்டிக் குச்சியைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகப் பொறுக்க வேண்டும். ஒரு வரிக்கு இத்தனை எழுத்துதான் என்று அளவு வேறு. எனவே இரண்டு வரியாக அனுப்பத் திட்டம் போட்டேன். "அம்மா விஷயத்துல" என்பது முதல் வரி. "என் தப்புதான்" என்பது இரண்டாவது வரி. முதல் வரியைப் பொறுக்கி முடிக்க ஆறு நிமிஷம். அதுவரை பூதங்கள் என்னை அடிக்க, குமரன் என் முன்னால் நின்று எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டிருந்தான். அனுப்பினேன். போய்விட்டது. அவன் பொம்மை அப்படியே நின்றது. இரண்டாவது வரியில் "என்" வரைக்கும் வந்திருந்தேன். டேப் போட்ட பேட்டரி உயிரை விட்டது. லைன் கட்.

இப்போது புரிகிறதா அத்தான், நான் ஏன் எழுதுகிறேன் என்று? அவனிடம் இருப்பது "அம்மா விஷயத்துல" என்ற பாதி வாக்கியம் மட்டும். அதற்குப் பின்னால் என்ன வரும் என்று நினைப்பான்? "அம்மா விஷயத்துல உனக்கு என்ன அக்கறை" என்று வரலாம். "அம்மா விஷயத்துல நான் செஞ்சதுதான் சரி" என்று வரலாம். அன்றைக்கு வாசலில் இ-பாஸ் பற்றிப் பேசினவன்தானே நான்? எதையும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட அவன் சும்மா போயிருப்பான். இப்போது மனசில் முள்ளோடு போவான். புது பேட்டரி வாங்கி, நேற்று ஐந்தரை மணியிலிருந்து அந்தக் கூடத்தில் தனியாக நின்றேன். ஒன்பது மணி வரை நின்றேன். அவன் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பேக்கிங் டேப் கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

எனவே தாங்கள் உடனே புறப்பட்டு வரவும். முழங்காலைச் சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம், பொதிகை ரயில் திருச்சி வழியாகத்தான் வருகிறது, கீழ்ப் படுக்கை கிடைக்கும். பெட்டியையும் மோடத்தையும் பிரித்துக் கொடுத்தவர் தாங்கள். அதனால் இந்த வாக்கியத்தின் இரண்டாவது பாதியையும் தாங்கள்தான் கொண்டு சேர்க்க வேண்டும். அவனிடம் போய், "அண்ணன் சொல்ல வந்தது, என் தப்புதான் என்று" என்று சொல்லவும். வேறு ஒன்றும் சேர்க்க வேண்டாம். அறிவுரை வேண்டாம். என்னால் முடியாது அத்தான், நான் அந்தப் பத்தடியை நடந்து பார்த்துவிட்டேன், மூன்று தடவை துளசித் தொட்டி வரை போய்த் திரும்பினேன்.

மீனா அக்காவுக்கு என் வணக்கத்தையும், பெரியவர்களாகிய தங்கள் இருவரிடமும் ஆசி கோருவதையும் தெரிவித்துக்கொள்கிறேன். காசி விசுவநாதர் தங்கள் முழங்காலைக் காக்கட்டும். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
வி‌ஜயசங்கர்.

பி.கு.: தாங்கள் வர வேண்டாம். மேலே எழுதியதைப் பொருட்படுத்தவும் வேண்டாம். ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் மட்டும்தான் இதை அனுப்புகிறேன். கவரை ஒட்டப் போன சமயம் வாசலில் நிழல் தட்டியது. குமரன். நாயைக்கூடக் கூட்டி வரவில்லை. "அம்மா விஷயத்துல... என்ன?" என்று கேட்டான். என்னிடம்தான் கேட்டான். "அது நான்தான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "மொத நாளே தெரியும்ணே. என் மோடம் சத்தம் ஒனக்குக் கேட்டா, ஒன் மோடம் சத்தம் எனக்குக் கேக்காதா? நீயும் ஒரு பாயும் கூப்பாடு போட்டது தெரு முழுக்கக் கேட்டுச்சு. மீதி என்னன்னு சொல்லு. நேத்து அதக் கேக்கப் பயந்துதான் வரல" என்றான். நான் நாலு மாசமாகச் சுவரில் காதை வைத்துக் கேட்டவன், சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை நினைத்துப் பார்க்கவே இல்லை அத்தான்.

"என் தப்புதாம்லே" என்றேன். அவ்வளவுதான், சொல்லிவிட்டேன். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. முப்பதாம் தேதி போவதும் போவதுதான். படியில் உட்கார்ந்தான். உமா காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய் அழுதாள். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா என்னையக் கேட்டாளா?" என்றான். நாலு வருஷமாக அவன் வைத்திருந்த கேள்வி அது. கேட்டாள் என்றேன். கடைசி நாள் காலையில் கேட்டாள். நீ வந்துக்கிட்டே இருக்க, கடையநல்லூர் தாண்டிட்டன்னு பொய் சொன்னேன் என்றேன். நம்பினாளா என்று கேட்டான். நம்பினாள். நம்பிவிட்டு, பிள்ளை அலுத்து வருவான், குளிக்க வெந்நீர் போட்டு வை என்றாள்.

"போட்டியா?" என்றான்.

போட்டேன் அத்தான். அது பொய் இல்லை. அண்டா நிறையப் போட்டு வைத்தேன்.